சாட்சிக்கு விட்ட மண் திட்டு



கட்டுமானத் துறையில் ஒப்பந்த நிர்வாகம் நாளை எப்படி இருக்கும் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். ஜோசியம் எனக்கு வராது. ஒரு கண்மாயிலிருந்து ஆரம்பிக்கிறேன். அங்கிருந்து எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று பார்ப்போம்.

வேலையில் சேர்ந்த முதல் வருடம், தூர்வாரும் வேலை ஒன்றை அளக்க என்னை அனுப்பினார்கள். கரையில் ஏறி நின்று பார்த்தால் வெட்டிய பரப்புக்கு நடுவே அங்கங்கே மண் திட்டுகள். இடுப்பளவு உயரம், தலையில் காய்ந்த புல். வேலையை அரைகுறையாக விட்டுவிட்டார்கள் என்று நினைத்து மேஸ்திரியைச் சத்தம் போட்டேன். அவர் என்னைவிட முப்பது வயது மூத்தவர். "அது சாட்சிங்கய்யா. நீங்க அளந்து எம் புக்குல ஏத்தினப்புறம்தான் அதை வெட்டணும்" என்றார். வெட்டிய மண் லாரியில் ஏறிப் போய்விடும். பள்ளம் அடுத்த மழையில் நிரம்பிவிடும். பழைய தரைமட்டம் எங்கே இருந்தது என்று சொல்ல அந்தத் திட்டை விட்டால் வேறு நாதி கிடையாது. உச்சியில் புல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். புல் இல்லையென்றால் ராத்திரியில் யாரோ இரண்டு கூடை மண் கொட்டித் திட்டை உயர்த்தியிருக்கிறார்கள். புல்லைப் பெயர்த்து வந்து ஒட்டவைக்கும் கைகாரர்களும் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒப்பந்த நிர்வாகம் என்றால் என்ன என்று மாணவர்கள் கேட்டால் அந்தத் திட்டைத்தான் காட்டுவேன். வேலை உத்தரவு கைக்கு வந்த நாள் முதல் ஃபைனல் பில் பாஸாகும் நாள் வரை, நடந்தது இதுதான் என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளும் சாட்சியை அழியாமல் வைத்திருக்க வேண்டும். அந்தச் சாட்சியை வைத்து அப்போதைக்கப்போது முடிவெடுக்க வேண்டும். முதல் காரியத்துக்கு இன்று ஏராளமான கருவிகள் வந்துவிட்டன. இரண்டாவதற்கு எதுவும் வரவில்லை. இந்த இடைவெளியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

எம் புக் என்று நாம் சொல்லும் அளவுப் புத்தகத்தை மாணவர்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்திருக்கும். ஒரு தாள் கிழிந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும். மையால்தான் எழுத வேண்டும். அழித்தெழுதக் கூடாது, தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டு, சரியானதை மேலே எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம், கடைசியில் கன அளவு. உதவிப் பொறியாளர் எழுதியதில் ஒரு பகுதியை மேலதிகாரி மறுபடி அளந்து சரிபார்ப்பார். 'அளவுகளை ஏற்கிறேன்' என்று ஒப்பந்ததாரர் கையொப்பமிடுவார். நீதிமன்றம் வரை போய் நிற்கும் ஆவணம் இது. சைட்டில் வெயிலில் நின்று, சங்கிலியின் ஒரு முனையைச் சித்தாள் பிடிக்க, முழங்காலில் புத்தகத்தை வைத்து எழுதிய தலைமுறை என்னுடையது.

மத்தியப் பொதுப்பணித் துறை இந்தப் புத்தகத்தைக் கணினிக்கு மாற்றியபோது ஒரு காரியம் சத்தமில்லாமல் நடந்தது. அந்தத் துறையின் அன்றைய ஒப்பந்த நிபந்தனைகளில் 6ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. அதன்படி அளவுகளைப் பதிந்து, ஏ4 தாளில் தொகுத்துத் தருபவர் ஒப்பந்ததாரர். துறையின் பொறியாளர் அதைச் சரிபார்ப்பவர். காகிதத்திலிருந்து கணினிக்குப் போனோம் என்று எல்லோரும் பேசினார்கள். பேனா கைமாறியதைப் பற்றி யாரும் பேசவில்லை. முன்பு அரசு எழுதும், ஒப்பந்ததாரர் ஒப்புக்கொள்வார். இப்போது ஒப்பந்ததாரர் எழுதுகிறார், அரசு ஒப்புக்கொள்கிறது. இது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பிறர் எழுதியதைச் சரிபார்க்கும் கண் வேறு, தானே அளந்து எழுதும் கண் வேறு. முதல் வகைக் கண்ணுக்கு நம் இளம் பொறியாளர்களை நாம் பழக்கவே இல்லை.

இப்போது மின்னணு அளவுப் புத்தகமும் வந்துவிட்டது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2020-இல் தன் ஒப்பந்தக் கடிதப் போக்குவரத்தையே ஒரு கணினித் தளத்துக்குக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு, மாதம் ஒரு முறை ட்ரோனில் படம் எடுப்பதைக் கட்டாயமாக்கியது. ட்ரோன் படத்திலிருந்து மண்வேலையின் கன அளவைக் கணக்கிட முடிகிறது. என் கண்மாய்த் திட்டுக்கு இனி வேலை இல்லை. கட்டடத்தை முதலில் கணினியில் முப்பரிமாணமாகக் கட்டிப் பார்த்து, அளவும் செலவும் அதிலேயே எடுக்கும் முறையைப் பற்றி இங்கே முந்தைய ஆண்டுகளில் பலர் பேசியிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

இந்தக் கருவிகளெல்லாம் அளப்பவை. ஆனால் சைட்டில் நடக்கும் சண்டைகளில் எத்தனை சண்டை அளவைப் பற்றியது? அஸ்திவாரம் தோண்டும்போது மூன்றடியில் கெட்டி மண், அதற்குக் கீழே பாறை. அது உளிக்கும் கடப்பாரைக்கும் பொடியும் மென்பாறையா, உடைத்தே எடுக்க வேண்டிய வன்பாறையா? இரண்டுக்கும் விலைவிகிதத்தில் பெரிய வித்தியாசம். கலந்து வந்தால் வன்பாறைக் கற்களைத் தனியே அடுக்கி, அடுக்கை அளந்து, இடைவெளிக்காகப் பாதியைக் கழிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எந்தக் கல் எந்த அடுக்கில் போய்ச் சேரும் என்பதை ட்ரோன் சொல்லாது. காலையில் பள்ளத்தில் இறங்கி, ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது வன்பாறைதான், எழுதிக்கோ" என்று ஒரு மனிதர் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் சொன்னால் வேலை நகரும். "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்றால் அந்தப் பள்ளத்தில் ஒரு தாவாவுக்குக் கடைக்கால் போட்டாகிவிட்டது.

வடிவமைப்பையும் சேர்த்து ஒப்பந்ததாரரிடமே ஒப்படைக்கும் ஈபிசி முறை நெடுஞ்சாலைகளில் பரவியபோது, இந்தத் தொல்லை ஒழிந்தது என்று நினைத்தோம். மொத்தத் தொகை ஒன்று, கட்டம் முடிய முடிய அதில் இத்தனை சதவீதம். கன மீட்டர் கணக்கே வேண்டாம். நடந்தது என்னவென்றால், 'எவ்வளவு' என்ற சண்டை போய் 'இது என் வேலையில் சேர்ந்ததா, புதிதாகக் கேட்கிறாயா' என்ற சண்டை வந்தது.

தடைப் பதிவேட்டுக்கு வருகிறேன். இடம் கைக்கு வரவில்லை, வரைபடம் தாமதம், மின்கம்பம் மாற்றவில்லை, மழை — வேலை நின்ற ஒவ்வொரு நாளையும் காரணத்தோடு எழுதி இரு தரப்பும் கையொப்பம் இட வேண்டிய புத்தகம் இது. காலநீட்டிப்பு தருவதா, தாமதத்துக்குப் பிடித்தம் செய்வதா என்பது இதை வைத்துத்தான் முடிவாக வேண்டும். ஓய்வுக்குப் பிறகு சில வழக்குகளில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றில் இரண்டரை வருட வேலைக்கான தடைப் பதிவேட்டை என் முன் வைத்தார்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே பேனா, ஒரே கையெழுத்து. ஒரு பக்கத்தில்கூடச் சேற்று விரல் பட்ட தடமோ டீக்கறையோ இல்லை. கட்டடம் முடிந்த பிறகு யாரோ ஒரு நல்ல பிள்ளை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதியிருக்கிறார். கனமழை என்று அதில் எழுதியிருந்த நாட்களில் நான்கு, வானிலை ஆய்வு மையக் கணக்குப்படி சொட்டு மழை இல்லாதவை. வேடிக்கை என்னவென்றால், நிஜமாகவே மழை பெய்து வேலை கெட்ட ஒரு வாரம் பதிவேட்டில் இல்லவே இல்லை. அந்த ஒப்பந்ததாரர் தனக்குச் சேர வேண்டிய நாட்களையும் சேர்த்தே இழந்தார்.

மழையைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசியில் மழை பெய்யும் என்பது சென்னையில் டெண்டர் போடும் எவருக்கும் தெரியும். வழக்கமான பருவமழைக்கு நாள் கேட்டால் பொதுவாகக் கிடைக்காது; வழக்கத்துக்கு மீறிய மழையாக இருக்க வேண்டும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அது மீறியதா என்று வாதாட யாருக்கும் வக்கீல் தேவையில்லை. தேவையானது, உங்கள் பள்ளத்தில் எத்தனை அடி தண்ணீர் நின்றது, மோட்டார் வைத்து இறைக்க எத்தனை நாள் பிடித்தது, சாரம் சரிந்ததா என்ற குறிப்பு. அதை அந்த வாரமே எழுதியவர்களுக்கு நாள் கிடைக்க வழி இருந்தது.

இன்று குறிப்பு எழுதுவதற்குப் பதில் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. 'சார், பீம் ஆழம் கூட்டணுமா?' என்று சைட்டிலிருந்து ஒரு படம் போகும். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். அந்தக் கட்டைவிரலை நம்பி இருபது டன் கம்பி கூடுதலாகக் கட்டுவார்கள். பில் போடும்போது, கட்டைவிரல் காட்டியவர் மாற்றலாகிப் போயிருப்பார். புதிதாக வந்தவர் ஒப்பந்தத்தைப் புரட்டி, எழுத்துப்பூர்வமான உத்தரவு எங்கே என்று கேட்பார். அவர் கேட்பதில் தவறில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குச் சான்றிதழ் கேட்கிறது. நடுவர் தீர்ப்பாயங்கள் சாட்சியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்பதால் அங்கே கொஞ்சம் தளர்வு உண்டு. ஆனால் அந்தக் கைப்பேசி எங்கே? ஒருவர் மாற்றிவிட்டார், ஒருவர் தொலைத்துவிட்டார், குழுவை ஆரம்பித்தவர் வேலையை விட்டுப் போகும்போது குழுவையும் கலைத்துவிட்டுப் போனார்.

பன்னாட்டு வங்கிகள் கடன் தரும் வேலைகளில் ஃபிடிக் என்ற பன்னாட்டு மாதிரி ஒப்பந்தம் வருகிறது. 118.9 கிலோமீட்டர் நீளத்துக்கு நடந்துவரும் சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு ஜப்பானின் கடனுதவி அமைப்பான ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் கடன் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இந்த ஒப்பந்த மொழியைப் பழகி வருகிறார்கள். ஃபிடிக்கின் 1999 பதிப்பில் ஒரு கறாரான விதி: கூடுதல் நாளோ பணமோ கேட்பதற்குக் காரணம் தெரிந்த 28 நாளுக்குள் அறிவிப்புக் கொடுக்காவிட்டால் உரிமையே போய்விடும். 2017 பதிப்பு அதே கெடுவை வேலை கொடுப்பவருக்கும் போட்டது. நம் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலோ, காலக்கெடு வைத்து உரிமையை அழிக்கும் ஒப்பந்த வாசகம் செல்லாது என்று 1997-இல் ஒரு திருத்தம் வந்தது. அந்தப் பிரிவின் எண்ணும் 28 என்பது தற்செயல். 28 நாளா, 28-ஆம் பிரிவா என்று வக்கீல்கள் இரண்டு பக்கமும் நின்று நன்றாகவே வாதாடுவார்கள். நீங்கள் 27-ஆம் நாள் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.

ஒரு பெரிய வழக்கைப் பார்ப்போம். டில்லி விமான நிலைய மெட்ரோ தடத்துக்கு 2008-இல் டில்லி மெட்ரோ ரயில் கார்ப்பரேஷனும் ஒரு தனியார் நிறுவனமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. கார்ப்பரேஷன் கட்டிக்கொடுத்த பாலக் கட்டமைப்பில் பழுது இருக்கிறது, 90 நாளில் சரிசெய்யுங்கள் என்று 2012 ஜூலையில் தனியார் நிறுவனம் அறிவிப்புக் கொடுத்தது. அக்டோபரில் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. 2017-இல் நடுவர் தீர்ப்பாயம் அந்த நிறுவனத்துக்கு 2,782 கோடி ரூபாயும் வட்டியும் கொடுக்கச் சொன்னது. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அதை உறுதிசெய்தார், டிவிஷன் பெஞ்ச் ரத்து செய்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர் கொடுத்தது. வட்டி ஏறி ஏறத்தாழ 8,000 கோடி ஆன நிலையில், 2024 ஏப்ரலில் அதே உச்ச நீதிமன்றம், சீராய்வுக்கும் அப்பாற்பட்ட கடைசி வழியான குறைதீர் மனுவில், தீர்ப்பாயத்தின் முடிவைத் தள்ளிவிட்டது.

இவ்வளவும் எதன்மேல் நின்றது தெரியுமா? பழுதை 90 நாளில் தீர்க்க வேண்டும், அல்லது தீர்ப்பதற்குப் 'பயனுள்ள நடவடிக்கை' எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னது. அந்த இரண்டு சொல்லைத் தீர்ப்பாயம் கவனிக்காமல் விட்டது, தடத்தை ஓட்டலாம் என்று மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் கொடுத்த சான்றையும் ஒதுக்கியது என்றது உச்ச நீதிமன்றம். யார் சொன்னது சரி என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. 2012-இன் 90 நாட்களில் ஒரு பாலத்தின் அடியில் என்ன பழுதுபார்க்கப்பட்டது, அது போதுமா என்ற கேள்விக்கு 12 வருடம் கழித்துத்தான் கடைசிப் பதில் கிடைத்தது. ஒப்பந்தம் எழுதும்போதே 'பயனுள்ள' என்பதை யார், எதை வைத்து, எத்தனை நாளில் தீர்மானிப்பார் என்று எழுதியிருக்கலாம்.

அந்தத் தீர்ப்பு வந்த இரண்டாம் மாதம், 2024 ஜூன் 3 அன்று, மத்திய நிதி அமைச்சகம் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. அரசுக் கொள்முதல் ஒப்பந்தங்களில் நடுவர் தீர்ப்பு முறையை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம். பொதுவாக 10 கோடி ரூபாய்க்குக் குறைந்த தாவாக்களோடு அதை நிறுத்திக்கொள்ளலாம். பெரியவற்றைச் சமரசத்தில் தீர்க்கப் பாருங்கள், இல்லாவிட்டால் நீதிமன்றம் போகட்டும். இதைப் பலர் ஒப்பந்ததாரர்களுக்கு விழுந்த அடி என்கிறார்கள். எனக்கு இது அதிகாரிகளுக்கு வந்த சோதனையாகத் தெரிகிறது.

காரணம் சொல்கிறேன். கூடுதல் வேலைக்குப் பணம் கேட்டு ஒரு கோப்பு வருகிறது. நியாயமான கோரிக்கை என்று அதிகாரிக்கே தெரியும். அனுமதித்தால் தணிக்கை கேட்கும், விஜிலென்ஸ் கேட்கும், ஓய்வு பெற்ற பிறகும் கேட்கலாம். மறுத்தால் யாரும் ஒரு கேள்வி கேட்கப் போவதில்லை. "உங்க பக்கம் நியாயம் இருக்கு, ஆர்பிட்ரேஷன்ல போய் வாங்கிக்குங்க" என்று நானே சொல்லியிருக்கிறேன். அன்று நான் தட்டிக்கழித்த ஒரு தொகை, பிற்பாடு வட்டியோடு அரசுப் பணத்திலிருந்துதான் போனது. அந்தக் கோப்பில் என் கையெழுத்து இல்லாததால் என் ஓய்வூதியத்துக்கு ஆபத்து வரவில்லை. ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டு, நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவுகளுக்குக் கொஞ்சம் காப்பு கிடைத்தது. பயம் போகவில்லை. இப்போது பெரிய தாவாக்களில் நடுவர் என்ற வடிகாலும் அடைபடுகிறது. சைட்டிலும் கோட்ட அலுவலகத்திலும் முடிவெடுக்காவிட்டால், கோப்பு நேராக சிவில் நீதிமன்றத்து வரிசையில்தான் போய் நிற்கும்.

2023-இல் மத்திய அரசு 'விவாத் சே விஸ்வாஸ்' என்ற ஒப்பந்தத் தாவாத் திட்டத்தைக் கொண்டுவந்தது. நடுவர் தீர்ப்பு வாங்கியவர் அதில் 65 சதவீதம் வரை பெற்றுக்கொண்டு வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்றது அந்தத் திட்டம். நீதிமன்றத் தீர்ப்பென்றால் 85 சதவீதம் வரை. ஜெயித்தவர் தள்ளுபடி கொடுக்கும் ஏற்பாடு. அதற்கும் ஆட்கள் முன்வந்தார்கள் என்பதிலிருந்து பணம் வந்து சேரும் வேகத்தை நீங்களே ஊகிக்கலாம்.

நம் ஊர்க் கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் போய் வேலை பார்க்கும் சிங்கப்பூரில் 2004-லேயே இந்தப் பணத் தாமதத்துக்கு ஒரு சட்டம் செய்துவிட்டார்கள். பில் கொடுத்தால் எதிர்த்தரப்பு குறித்த நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலோ குறைத்தாலோ, தீர்மானிப்பவர் ஒருவரிடம் போகலாம். அவர் பொதுவாக 14 நாளில் முடிவு சொல்லிவிடுவார். பெரிய வழக்கைப் பிறகு நடத்திக்கொள்ளுங்கள், முதலில் பணத்தைக் கொடுங்கள் என்பதுதான் அதன் ஏற்பாடு. பிரிட்டன் 1996-லும் மலேசியா 2012-லும் இப்படிச் சட்டம் இயற்றின. நம்மிடம் அத்தகைய சட்டம் இல்லை. இடைக்கால பில்லில் 75 சதவீதத்தை 10 வேலை நாளில் கொடுங்கள் என்று 2021-இல் மத்திய நிதி அமைச்சகம் அறிவுறுத்தியது. அறிவுறுத்தலை வைத்து யாரும் கோர்ட்டுக்குப் போய்ப் பணம் வாங்க முடியாது.

சிங்கப்பூர்ச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, "எனக்கு மேலே இருந்து வந்தால்தான் உனக்குத் தருவேன்" என்று துணை ஒப்பந்தத்தில் எழுதினால் அது செல்லாது என்பது. இங்கே சென்ட்ரிங் அடிக்கும் குழுத்தலைவரிடம் எழுதிய ஒப்பந்தமே கிடையாது. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. இத்தனை சதுர அடி, இத்தனை ஆள், இத்தனை அட்வான்ஸ். அவருடைய அளவுப் புத்தகம் அது. மறுபக்கக் கையொப்பம் மட்டும் இல்லை. ஒப்பந்த நிர்வாகத்தின் எதிர்காலம் என்று நாம் பேசுவது எதுவும் அந்த நோட்டு வரை போய்ச் சேரவில்லை.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கினால் மாணவர்கள் விடமாட்டார்கள். ஆயிரம் கடிதங்களைப் படித்து, எந்தத் தேதியில் எந்த வரைபடம் வந்தது என்று அது அடுக்கித் தரும். அந்த வேலைக்கு முன்பு எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது, நல்லதுதான். ஆனால் கோரிக்கைக் கடிதம் எழுதுவது ஒரு நிமிட வேலையானால் ஒவ்வொரு நாளும் கடிதம் வரும். மறுப்பும் ஒரு நிமிடத்தில் போகும். இரண்டு பக்கமும் யாரும் படிக்காத கடிதங்கள் மலையாகக் குவியும். எந்தக் கடிதம் நிஜமான குறை, எது சும்மா போட்டு வைத்தது என்று கண்டுபிடிக்க மறுபடி ஒரு மனிதர் பள்ளத்தில் இறங்கிக் கல்லைக் கையில் எடுக்க வேண்டியிருக்கும்.

அதிகாரிகளுக்கு நான் வைக்கும் கோரிக்கை: நியாயம் என்று தெரிந்த கோரிக்கையில் காரணத்தை விரிவாக எழுதி, உங்கள் காலத்திலேயே முடிவெடுத்துவிட்டுப் போங்கள். அரசுக்கு என் கோரிக்கை, கட்டுமானப் பண வரவுக்கு ஒரு சட்டம். இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் சிலர் அடுத்த ஆண்டு இந்நேரம் ஏதோ ஒரு சைட்டில் நிற்பீர்கள். அன்றைய வேலை, அன்றைய தடை, யார் என்ன சொன்னார்கள் என்பதைத் தேதி போட்டு எழுதுங்கள். எதிர்த்தரப்பிலிருந்து ஒருவரிடம் அதில் கையொப்பம் வாங்குங்கள். வாங்கிய பிறகு வீட்டுக்குக் கிளம்புங்கள்.